குறிஞ்சியும் செங்காந்தளும்: நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

நான் போடிக்காரன். 2006-ல் மூணாறு பக்கம் வட்டவடையில் அத்தை வீட்டுக்குப் போனபோது எனக்குப் பதினோரு வயது. கோவிலூர்ப் பக்கம் ஜீப் ஒரு வளைவில் திரும்பியதும் சரிவு முழுக்கக் குறிஞ்சி, ஒரே நீலம். நீலம் என்கிறோமே தவிர, பக்கத்தில் போனால் வெளிறிய ஊதாதான். இறங்கி ஓடி ஒரு கை நிறையப் பிடுங்கினேன். யாரும் திட்டவில்லை. "அடுத்த தடவை பாக்கும்போது உனக்கு மீசை இருக்கும்டா" என்று அத்தை மட்டும் சிரித்தார். வீடு போவதற்குள் எல்லாம் வாடிவிட்டது.

நீலக்குறிஞ்சி 12 வருடம் வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதை கொட்டிவிட்டுச் செத்துப்போகும் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? விதை விழும் முன் பறித்தால் அந்தச் செடியின் வம்சம் அத்தோடு சரி. அதே 2006-ல்தான் அங்கே இந்தச் செடியைக் காக்கக் குறிஞ்சிமலை சரணாலயத்தை அறிவித்தார்கள். 2018-ல் வெள்ளம் வடிந்து பாதை திறந்தபின் மீசையோடு போனேன், பழைய வளைவில் கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரம்தான் நின்றது, பூவைத் தேடி இன்னும் மேலே ஏற வேண்டியிருந்தது. 2024-ல் ஐ.யு.சி.என். என்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு நீலக்குறிஞ்சியை அழிய வாய்ப்புள்ள இனமாகச் சேர்த்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. இனி 2030.

---

நான் கொழிஞ்சாம்பாறை. எனக்குக் குறிஞ்சி பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, செங்காந்தள் கதைதான் உண்டு. ஐ.யு.சி.என். கணக்கில் இது கவலை இல்லாத இனம், ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியா வரை பரவிக் கிடப்பதால். என் வேலி காலியானது அந்தக் கணக்கில் எப்படி வரும்?

இதில் பூவைப் பறித்தால் ஒன்றும் ஆகாது, கிழங்கு இருந்தால் அடுத்த மழைக்குத் திரும்ப முளைக்கும். ஆபத்து தோண்டுகிறவர்களால்தான். ஒட்டன்சத்திரம் பக்கம் மச்சான் இதைப் பயிராகவே வைத்திருக்கிறார், நாங்கள் சொல்வது கண்வலிக்கிழங்கு. மகரந்தத்தை வாங்க வேண்டிய சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி நிற்பதால் காலையில் ஆள் விட்டுப் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் காய் பிடிப்பது குறைவு. விதையிலிருந்து கோல்சிசின் எடுக்கிறார்கள், கீல்வாத மருந்துக்கு. நடவுக்குக் கிழங்கு வேண்டுமே! நாங்கள் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் யாரோ வேலியோரம் முழுக்கக் கிளறிவிட்டுப் போய்விட்டார்கள்.

இரண்டு மழை ஒன்றும் வரவில்லை. இந்த ஆடியில் ஒரே ஒரு கொடி, இலை நுனியைச் சுருட்டி முள்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. விஷம் என்பதால் ஆடு வாய் வைக்காது, மனுஷனுக்குத்தான் காவல் இருக்கிறேன்.