ஏற்றத்தில் இழுவை விடும் ஹைலக்ஸ்: எங்கே பார்ப்பது?

அண்ணாமார், தம்பிமார், பழைய டீசல் வாகனம் தெரிந்தவர்கள் ஒரு வழி சொல்லுங்கள். எங்களுடையது 3எல் என்கிற ரக டீசல் இன்ஜின் போட்ட, நாலு சில்லும் இழுக்கிற டொயோட்டா ஹைலக்ஸ். மட்டக்களப்பு டவுனுக்குள் ஒரு குறையும் இல்லை. செங்கலடியால் பதுளை வீதி பிடித்து, பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் மிதித்தால் கொஞ்ச நேரத்தில் இழுவை விட்டுவிடுகிறது. ஓரங்கட்டி, சற்றுப் பொறுத்து எடுத்தால் திரும்ப இழுக்கிறது.

கரும்புகை இல்லை. இன்ஜினுக்குக் காற்று வரும் வழி அடைத்திருந்தால் கரும்புகை தள்ளியிருக்கும். ஆகவே டீசல்தான் போதாமல் போகிறது. டீசல் பில்டர் புதிது, அடியில் தண்ணீரும் இறக்கியாயிற்று. இந்த இன்ஜினில் டாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சுவதும், அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்புகிற இன்ஜெக்டர் பம்ப்தான். இழுவை விட்ட கையோடு பொனட்டைத் திறந்தால், பில்டருக்கு மேலுள்ள கைப்பம்ப் உள்ளே சப்பிப்போய் நிற்கிறது. அப்படியென்றால் அடைப்பு பில்டருக்கு முன்னால், டாங்கி வலையிலோ பைப்பிலோதானே?

கராஜில் எடுத்த எடுப்பில் இன்ஜெக்டர் பம்பைக் கழற்றச் சொல்கிறார்கள். அது பெரிய செலவு. அதற்கு முன் தனிக் கேனிலிருந்து பில்டருக்கு நேரே டீசல் கொடுத்து ஓட்டிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? டாங்கியை இறக்காமல் வலையைக் கழற்ற ஏலுமா? கல்லடி, ஆரையம்பதிப் பக்கம் டாங்கி கழுவித் தருகிற நல்ல ஆள் இருந்தாலும் சொல்லுங்கள். அம்மாவைப் பதுளைக்குக் கூட்டிப்போக வேண்டும்; நடு ஏற்றத்தில் நிற்க ஏலாது.