வைரல் லோடு அடங்கித்தான் இருக்கிறது, சுகர் மட்டும் ஏறியது

கெடிலக்கரை:
கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். எனக்கு ஹெச்.ஐ.வி. இருக்கிறது. 2009-லிருந்து அதை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறேன். அப்போது கொடுத்ததில் ஸ்டாவுடின் என்ற மருந்து இருந்தது. கன்னம் ஒட்டி, கை நரம்பு புடைத்து, வயிறு மட்டும் முன்னால் தள்ளியது. அப்புறம் மருந்தை மாற்றினார்கள். இப்போது சில வருஷமாக ராத்திரி ஒரே மாத்திரை, மூன்று மருந்து சேர்ந்த டி.எல்.டி. வைரல் லோடு டெஸ்ட்டில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, எதிர்ப்பு அணுக்களின் கணக்கான சிடி4 600-ஐத் தாண்டியது. இனிக் கவலையில்லை என்று இருந்துவிட்டேன்.

போன வருஷம் பண்ருட்டிப் பலா வந்த நேரம். ராத்திரி நாலைந்து தடவை எழுந்தேன், தாகம் அடங்கவில்லை. வெயில் என்று நினைத்தேன். வெறும் வயிற்றில் பார்த்தால் சுகர் 168.

பக்கத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் எதிர்வீட்டு அம்மா. "இல்ல சார்" என்று சொல்லிவிட்டேன். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினை 500-ல் ஆரம்பித்தவர், சுகர் இறங்கவில்லை என்று ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் வரை ஏற்றினார். சோற்றைக் கண்டாலே குமட்டல், ஓயாத வயிற்றுப்போக்கு. ஐந்து கிலோ இளைத்தேன். பழைய நாள் திரும்பிவிட்டதோ என்று ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறேன்.

அடுத்த முறை ஏ.ஆர்.டி. மையத்தில் அந்த மெட்ஃபார்மின் அட்டையையும் எடுத்து மேசையில் வைத்தேன். மாத்திரையைப் பார்த்ததுமே டாக்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. டி.எல்.டி.யில் இருக்கும் டாலுடெக்ராவிர், மெட்ஃபார்மின் சிறுநீரில் வெளியேறுவதைக் குறைக்கும். ரத்தத்தில் அது கூடிவிடும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்கு மெட்ஃபார்மினை ஒரு நாளைக்கு 1000-க்கு மேல் கொடுப்பதில்லையாம். அன்றே குறைத்தார். கிளினிக் டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டார், நான் மறைத்தேன்.

எல்லாம் அடங்கியிருக்கும்போது சுகர் ஏன் வந்தது என்று கேட்டேன். வயசு, எடை, பழைய மருந்து, பரம்பரை எல்லாம் ஒரு பக்கம் என்றார். இன்னொரு பக்கம் அழற்சி. தொற்று வந்த ஆரம்பத்திலேயே வைரஸ் குடல் சுவரிலுள்ள எதிர்ப்பு அணுக்களை அழிக்கிறது. மருந்து சாப்பிட்டாலும் அந்தச் சுவர் முழுசாகச் சரியாவதில்லை. குடல் கிருமிகளின் துணுக்குகள் ரத்தத்தில் கசிய, உடம்பு நீறு பூத்த நெருப்பாகவே இருக்கிறது. அந்தச் சூட்டில் தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குக் கட்டுப்படுவது குறைகிறது. 2010-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைச் சொன்னார்: ஏ.ஆர்.டி. தொடங்கி 48 வாரம் ஆன பிறகும் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் டி.என்.எஃப். ஏற்பிகளும் ரத்தத்தில் கூடுதலாக இருந்தவர்களுக்குத்தான் பின்னால் சுகர் அதிகம் வந்ததாம். பதினைந்து வருஷமாக இதை யாரிடமும் நான் கேட்டதில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஆனதா?

உப்பளம்:
நான் புதுச்சேரி. எனக்கு வேறு மாதிரி ஏமாற்றம். ஒரு முகாமில் மூன்று மாத சராசரி சுகர் (ஹெச்.பி.ஏ.1சி) 5.9 என்று வந்தது, பார்டர்தான் என்று அனுப்பிவிட்டார்கள். ஏ.ஆர்.டி. மையத்தில் வெறும் வயிற்றில் எடுத்தால் 141. மறுவாரம் 138. 126-ஐத் தாண்டினாலே சுகர்தானே! நான் இரண்டாம் கட்ட மருந்தில் இருக்கிறேன், அதில் ஜிடோவுடின் உண்டு. அது சிவப்பணுக்களை மாற்றுவதால் மூன்று மாத சுகர் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டலாம் என்று டாக்டர் சொன்னார். தயவுசெய்து அந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

முந்திரிக்காடு:
விருத்தாசலம் பக்கம். அழற்சி என்று கேள்விப்பட்டதும் நானே காசு கொடுத்து ஹெச்.எஸ். சி.ஆர்.பி. ரத்த டெஸ்ட் பார்த்தேன். 3-க்கு மேலே போனாலே அதிகம் என்பார்கள், எனக்கு 12. கை நடுங்கிவிட்டது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் "வாயைத் திறங்க" என்றார். ஈறு வீங்கிச் சீழ் வைத்திருந்தது. சளி, காய்ச்சல், ஈறு வீக்கம் எது இருந்தாலும் இது ஏறும், பத்தைத் தாண்டினால் உடம்பு சரியான பிறகு மறுபடி பார்க்க வேண்டும் என்றார். பல் வைத்தியம் முடித்து, பீடியையும் விட்டேன். இரண்டு மாதம் கழித்து 2.6. இதை வைத்துச் சுகர் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது, அதற்கு வெறும் வயிற்று டெஸ்ட்டுதான் என்று விளக்கினார்.

கெடிலக்கரை அக்கா, அந்தக் கிளினிக் டாக்டரிடம் அப்புறம் சொன்னீங்களா?

கெடிலக்கரை:
சொன்னேன் தம்பி. நம் சம்மதம் இல்லாமல் அவர் வெளியே சொல்லக் கூடாது, அதற்கு 2017-லேயே சட்டம் இருக்கிறது என்று ஏ.ஆர்.டி. மையக் கவுன்சிலர் தைரியம் கொடுத்தார். ராத்திரி ஒன்பது மணிக்குக் கூட்டம் போன பிறகு போனேன். டி.எல்.டி. டப்பாவை மேசையில் வைத்தேன், வாயில் வார்த்தை வரவில்லை. பெயரைப் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "முதல்ல இருந்து சொல்லுங்கம்மா" என்றார்.