நாலரை லிட்டர் வொர்ட்டை ஆறவைக்க இத்தனை பாடா?

பீப்பாய்க்காரன் (சிங்கப்பூர்):
சனிக்கிழமை இரவு நடந்ததைச் சொல்கிறேன், தீர்ப்பு நீங்கள் சொல்லுங்கள். வீட்டிலேயே பியர் காய்ச்சினேன், நாலரை லிட்டர் பேல் ஏல். மால்ட் எக்ஸ்ட்ராக்ட்தான் (முளைகட்டிய தானியத்தின் கெட்டிச் சாறு), கசப்புக்கும் வாசத்துக்கும் ஹாப்ஸ் பூ போட்டு ஒரு மணி நேரக் கொதி. ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய இந்த இனிப்புச் சாறுதான் வொர்ட். அடுப்பை அணைத்ததும் குண்டானைத் துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் இறக்கி, 12 லிட்டர் குழாய்த் தண்ணீர் விட்டு, கடையில் வாங்கிய 2 கிலோ ஐஸை அப்படியே கொட்டினேன். ஐந்து நிமிடத்தில் ஐஸ் போன இடம் தெரியவில்லை. வெப்பமானி 35 டிகிரியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஈஸ்ட் பாக்கெட்டில் 18 முதல் 22 வரை என்று போட்டிருக்கிறது. ராத்திரி ஒன்றரை மணி வரை காத்திருந்து, 31-இல் தூவிவிட்டுப் படுத்துவிட்டேன். இப்போது வாளியைத் திறந்தால் நெயில் பாலிஷ் வாசம்.

உள்ளே தண்ணீர் ஓடி வொர்ட்டை ஆறவைக்கும் செம்புக் குழாய்ச் சுருள் ஒன்று வாங்கிவிடலாமா?

ரொறன்ரோ_செம்பு:
வாங்குங்கோ தம்பி, யோசிக்கவே வேண்டாம். என்னிடம் இருக்கிற சுருளை வொர்ட்டுக்குள் இறக்கிக் குழாயைத் திறந்தால் பத்து நிமிடத்தில் 20-க்கு வந்துவிடும். வேகமாகக் குளிர்ந்தால்தான் புரதம் திரண்டு அடியில் படியும், பியர் தெளிவாக இருக்கும். 60-க்குக் கீழே கனநேரம் கிடந்தால் காற்றில் இருக்கிற கிருமி எல்லாம் விருந்துக்கு வரும். ஈஸ்ட்டுக்கு முன்னால் வேறு எவரும் பந்தியில் உட்காரக் கூடாது.

தேக்கா_நுரை:
அண்ணே, உங்கள் குழாயில் ஜனவரியில் ஏரித் தண்ணீர் ஐஸ் மாதிரி வரும். இங்கே சிங்கப்பூர்க் குழாயில் வருவதே 29 டிகிரி. சுருளுக்குள் 29-ஐ ஓடவிட்டால் வொர்ட் எந்த ஜென்மத்திலும் 29-க்குக் கீழே போகாது. பீப்பாய், காசை வீணாக்க வேண்டாம். உங்கள் பிரச்சினை கருவியில் இல்லை, ஐஸ் போட்ட நேரத்தில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வொர்ட்டையும் தண்ணீராகவே வைத்துக்கொள்வோம். 100 டிகிரியில் நாலரை லிட்டர், வெளியே 29 டிகிரியில் 12 லிட்டர். இரண்டும் சமமாகும் இடம் 48. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக 12 லிட்டர் விட்டால் 34. மூன்றாவது தடவை 30. ஒரு கட்டி ஐஸ் இல்லாமல் இவ்வளவு.

இப்போது நீங்கள் செய்தது. ஒரு கிலோ ஐஸ் உருகினால் 80 கிலோகலோரி சூட்டை இழுக்கும், 2 கிலோவுக்கு 160. எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் 34, 35-இல் வந்து நிற்கும். உங்கள் வெப்பமானி காட்டியது சரிதான். அதாவது, காசு கொடுத்து வாங்கிய 2 கிலோ ஐஸ் மிச்சப்படுத்தியது ஒரே ஒரு தடவை தண்ணீர் மாற்றும் வேலையை! மூன்று தடவை குழாய்த் தண்ணீரை மாற்றிவிட்டு, கடைசியில் 4 லிட்டர் தண்ணீரோடு அதே 2 கிலோவைப் போட்டிருந்தால் 20-ஐத் தாண்டியே இறங்கியிருக்கும்.

பீப்பாய்க்காரன்:
படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன்.

மெல்பர்ன்_கேன்:
இந்தக் கூத்தே எதற்கு என்று கேட்கிறேன். குளிரவைக்கவே வேண்டாம். இங்கே 2000-களின் வறட்சியில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடவே கட்டுப்பாடு இருந்தது. சுருளில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சாக்கடைக்கு அனுப்ப யாருக்கு மனம் வரும்? கொதிக்கும் வொர்ட்டைத் சூடு தாங்கும் தடித்த பிளாஸ்டிக் (எச்.டி.பி.இ.) கேனில் நிரப்பி, பக்கவாட்டில் அமுக்கிக் காற்றை வெளியேற்றி, மூடியை இறுக்கி, ஒரு தரம் சாய்த்துவைத்தால் மூடியும் கைப்பிடியும் அந்தச் சூட்டிலேயே சுத்தமாகிவிடும். ராத்திரி தூங்கி எழுந்து, காலையில் ஈஸ்ட் போடுகிறேன். பல வருடமாக இப்படித்தான். ஒரு தடவைகூடப் புளிக்கவில்லை.

ரொறன்ரோ_செம்பு:
புளிக்காமல் இருப்பது மட்டும் போதுமோ? கொதி நின்ற பிறகும் 80 டிகிரி வரைக்கும் ஹாப்ஸ் கசப்பை விட்டுக்கொண்டே இருக்கும். வாசத்துக்கு என்று கடைசி நிமிடத்தில் போட்டது எல்லாம் உங்கள் கேனுக்குள் அவிந்து கசப்பாக மாறிவிடும். பில்ஸ்னர் மால்ட் என்றால் இன்னும் மோசம். அதில் இருக்கிற ஒரு பொருள் சூட்டில் டி.எம்.எஸ். என்கிற கந்தகச் சேர்மமாக மாறிக்கொண்டே இருக்கும். திறந்த பாத்திரம் என்றால் ஆவியோடு போய்விடும், மூடிய கேனில் எங்கே போகும்? அவித்த சோளம் மணக்கிற பியர்தான் மிச்சம்.

அதுக்கும் மேலே ஒன்று. உணவை நஞ்சாக்கிற பொட்டுலினம் கிருமியின் வித்து 100 டிகிரிக் கொதியில் சாகாது. காற்றில்லாத இடம், அமிலம் குறைவான இனிப்புச் சாறு. அதுக்கு வேறென்ன வேண்டும்?

மெல்பர்ன்_கேன்:
கடைசியில் சொன்னது நியாயம், அதை மறுக்க மாட்டேன். வொர்ட்டின் பி.எச். (அமில அளவு, எண் குறைந்தால் அமிலம் கூடுதல்) 5-க்கு மேலே இருக்கும், 4.6-க்குக் கீழே போனால்தான் அந்தக் கிருமிக்கு ஆகாது. அதனால்தான் மாதக்கணக்கில் கேனை அடுக்கிவைக்கிறவர்களோடு நான் சேர்வதில்லை. மறுநாளே ஈஸ்ட் போட்டுவிட்டால் நொதித்து பி.எச். தானாக இறங்கிவிடும்.

ஹாப்ஸுக்கும் வழி உண்டு. செய்முறையில் 20 நிமிடம் மிச்சம் இருக்கும்போது போடச் சொன்னதை அடுப்பை அணைக்கும்போது போடுகிறேன். வாசத்துக்கானதை நொதிக்கும்போது போடுகிறேன். சோள வாசக் கதை பீப்பாய்க்குப் பொருந்தவே பொருந்தாது. எக்ஸ்ட்ராக்ட் என்பது தொழிற்சாலையில் ஏற்கெனவே சூடுபட்டு வற்றவைத்தது.

பிரஸ்ஸல்ஸில் கான்டியோன் பியர்க்கூடத்தில் இன்றைக்கும் பரந்த திறந்த செம்புத் தொட்டியில் ராத்திரி முழுக்க ஆறவிடுகிறார்கள். 1900-இல் தொடங்கிய இடம். மெதுவாக ஆறினால் கெட்டுவிடும் என்றால் அந்தக் கடை என்றைக்கோ மூடியிருக்க வேண்டும்.

ரொறன்ரோ_செம்பு:
கான்டியோனின் லாம்பிக் வகைப் பியரை இழுத்ததுதான் பிழை. அவர்கள் காற்றில் வருகிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் விழட்டும் என்றுதான் திறந்துவைக்கிறார்கள். அதையும் குளிர்மாதங்களில் மட்டும்தான் காய்ச்சுவார்கள், வெயில் காலத்தில் வேண்டாத கிருமி கூடிவிடும் என்று. கெட்டுப்போகவேண்டும் என்று வைக்கிறவர்களைக் காட்டி, வைத்தாலும் கெடாது என்கிறீர்கள்.

மதுரை_வேடிக்கை:
எங்கள் ஊரில் வீட்டில் காய்ச்சினால் போலீஸ்தான் வரும், அதனால் படிப்பதோடு சரி. ஒரு சந்தேகம். டீக்கடையில் ஆற்றுகிற மாதிரி இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஆற்றினால் ஆகாதா?

தேக்கா_நுரை:
இங்கே சிங்கப்பூரில் சொந்தக் குடிக்கு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சட்டம் விடுகிறது, விற்கத்தான் கூடாது. ஆற்றுவதைப் பற்றி: முதலில் கை வெந்துபோகும். சர்க்கரைப் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு சுடும். அடுத்து, ஆற ஆற ஒவ்வொரு ஊற்றுக்கும் சமையலறைக் காற்றை உள்ளே கலக்கிறீர்கள். சூட்டில் காற்றுப் பட்டால் பழைய அட்டைப்பெட்டி ருசி வரும் என்றும் சொல்வார்கள், நம் அளவுக்கு அது எவ்வளவு உண்மை என்பது இன்னொரு சண்டை. ஆனால் 20-க்கு வந்த பிறகு, சுத்தம் செய்த பாத்திரத்தில் தாராளமாக ஆற்றலாம். ஈஸ்ட்டுக்கு அப்போது ஆக்சிஜன் வேண்டும்.

ரொறன்ரோ_செம்பு:
இன்னொரு அனுபவம் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. முதல் வருடம் சுருள் இல்லை. வெளியே மைனஸ் 12. குண்டானைக் கொண்டுபோய் ஸ்நோவுக்குள் புதைத்தேன். ஒரு மணித்தியாலம் கழித்துத் தொட்டால் கை சுடுகிறது! சுற்றியிருந்த ஸ்நோ உருகிக் குழி விழுந்து, குண்டானுக்கும் ஸ்நோவுக்கும் நடுவில் வெறும் காற்று. போர்வை போர்த்திய மாதிரி. குளிரைவிட, தொட்டுக்கொண்டு ஓடுகிற தண்ணீர்தான் பெரிசு என்று அன்றைக்கு விளங்கியது.

மெல்பர்ன்_கேன்:
சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம்தான்.

பீப்பாய்க்காரன்:
அப்படியானால் குண்டானை மூடிப் போட்டு அப்படியே காலை வரை வைத்துவிட்டால் என்ன? கேன் வாங்கும் செலவும் இல்லை.

மெல்பர்ன்_கேன்:
அது வேறு, இது வேறு! ஆறும்போது உள்ளே இருக்கும் ஆவி சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். குண்டான் மூடி அதைத் தடுக்காது. கேன் என்றால் தானே சப்பிக்கொள்ளும், காற்று நுழையாது. என் பெயரைச் சொல்லிக் குண்டானில் செய்து புளித்துப்போனால் நான் பொறுப்பில்லை.

தேக்கா_நுரை:
இருவரும் சொல்லாத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. ஈஸ்ட்டை மாற்றுங்கள். நார்வேப் பண்ணை ஈஸ்ட் குவெய்க், அதில் வோஸ் வகை 35 டிகிரியிலும் நன்றாக வேலை செய்யும், ஆரஞ்சு வாசம் வேறு. இரண்டு தொட்டித் தண்ணீரில் வேலை முடிந்தது. உங்கள் வீட்டு அலமாரியில் 20 டிகிரி எங்கே இருக்கிறது? வொர்ட்டை மெனக்கெட்டுக் குளிரவைத்து, அப்புறம் 30 டிகிரி அறையில் நொதிக்க வைத்தால் மறுபடி நெயில் பாலிஷ்தான்.

ரொறன்ரோ_செம்பு:
எல்லாப் பியரிலும் ஆரஞ்சு வாசம் வேண்டுமோ?

தேக்கா_நுரை:
நெயில் பாலிஷுக்கு ஆரஞ்சு தேவலை.

பீப்பாய்க்காரன்:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். பழைய ஏலைச் சிங்க்கில் ஊற்றிவிட்டேன். நேற்று அதே செய்முறை, அதே ஈஸ்ட். தொட்டித் தண்ணீரை மூன்று தடவை மாற்றினேன். மூடியைத் திறக்காமல் குண்டானைக் கைப்பிடியில் பிடித்து இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே இருந்தேன். 25 நிமிடத்தில் 32. அப்புறம் கொஞ்சம் தண்ணீர், 2 கிலோ ஐஸ். இன்னொரு 13 நிமிடத்தில் 20. நொதிக்கிற வாளியை ஈரத்துணி சுற்றி, உறைந்த தண்ணீர்ப் போத்தல்களோடு பழைய ஐஸ் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் போத்தல் மாற்றும் வேலை என் தலையில்.

ஒரே ஒரு தொல்லை. தண்ணீரை அதிகமாக விட்டுவிட்டேன், குண்டான் மிதந்து சாயப் பார்த்தது. மூடிமேல் அம்மிக்குழவியை வைத்துத்தான் நிறுத்தினேன்.

மெல்பர்ன்_கேன்:
குழவியைச் சானிடைசரில் முக்கினீர்களா?

பீப்பாய்க்காரன்:
மூடிக்கு வெளியேதானே அண்ணே இருந்தது. கொஞ்சம் மிளகாய் வாசம் வந்தால் சொல்கிறேன்.