திருச்சி - சிங்கப்பூர்: வர ஏழு மணி நேரம், போக ஒன்றே முக்காலா?

மார்சிலிங்_மச்சான்:
வணக்கம். அம்மாவ மொத தடவையா இங்க கூட்டிட்டு வரலாம்னு நேர் ஃபிளைட் பாத்துட்டு இருக்கேன், டைமிங்க பாத்தா தலை சுத்துது. திருச்சில ராத்திரி 1:40க்கு கெளம்பி இங்க காலைல 8:30க்கு வருதாம். திரும்பிப் போறப்ப சாயங்காலம் 4:00 மணிக்கு ஏறுனா 5:40க்கே திருச்சியாம்! அம்மாவுக்கு முட்டி வலி வேற, ஏழு மணி நேரம்லாம் உக்கார முடியாது, நான் வரலன்னு இப்பவே அடம். உண்மையில எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம்? நான் வேலைக்கு வந்தப்ப ஏறுனதும் தூங்கிட்டேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல.

தேக்கா_டீமாஸ்டர்:
டிக்கெட்ல அந்தந்த ஊர் நேரம்தான் போடுவாங்க மச்சான். நாம இந்தியாவ விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. 1:40லேர்ந்து 8:30 வரைக்கும் 6:50, அதுல 2:30 கழிச்சா 4 மணி 20 நிமிஷம். போறப்ப 4:00லேர்ந்து 5:40 வரைக்கும் 1 மணி 40 நிமிஷம், அதுகூட 2:30 சேத்தா 4 மணி 10 நிமிஷம். அவ்ளோதான். தூரம் நேர்கோட்டுல 3,000 கிமீக்கு கொஞ்சம் கம்மி, வங்காள விரிகுடாவ தாண்டி சுமத்ரா பக்கமா வரும். சென்னைன்னாலும் பெரிய வித்தியாசம் இல்ல, ஒரு 2,900 கிமீ இருக்கும். இன்னொண்ணு, டிக்கெட்ல போட்டிருக்கறதுல ரன்வேக்கு உருட்டிட்டு போற நேரமும் சேத்திதான், அதனால ஆகாயத்துல இருக்கறது நாலு மணி நேரத்துக்கும் கம்மியா கூட இருக்கும்.

பழைய_நாகை:
தம்பி, நாங்கல்லாம் நாகப்பட்டினத்துல 'சிதம்பரம்' கப்பல் ஏறி, பினாங்கு தொட்டு, கிட்டத்தட்ட ஒரு வாரம் கடல்லயே கெடந்து வந்தவங்க. அம்மாட்ட இத சொல்லுங்க, முட்டி வலி பறந்துடும். அப்பல்லாம் ரெண்டு ஊருக்கும் சரியா 2 மணி நேரம்தான் வித்தியாசம். 1982 ஜனவரி 1லேர்ந்து மலேசியாவோட சேந்து இங்கயும் அரை மணி நேரம் கூட்டி வச்சாங்க, அதுலேர்ந்துதான் இந்த ரெண்டரை.

யீஷூன்_அக்கா:
தம்பி, நேரத்த விடுங்க, தேதிய பாருங்க! ராத்திரி 1:40ன்னா சனிக்கிழமை டிக்கெட்டுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரைக்கே ஏர்போர்ட்ல இருக்கணும். என் தம்பி சனிக்கிழமை ராத்திரி சாவகாசமா சாப்ட்டு, மாலை மரியாதையோட போய் நின்னான், ஃபிளைட் போயி முழுசா ஒரு நாள் ஆச்சு. காசும் போச்சு, மாமியார் பேச்சும் கெடச்சுது. அப்புறம் விசாவோட, வர்றதுக்கு மூணு நாளைக்குள்ள எஸ்ஜி அரைவல் கார்டு (சிங்கப்பூருக்குள்ள வர்றவங்க விவரம் குடுக்கற படிவம்) நீங்களே ஆன்லைன்ல போட்டு விட்டுடுங்க, அது ஃப்ரீ, யாராச்சும் காசு கேட்டா குடுக்காதீங்க. முட்டி வலிக்கு டிக்கெட் போடறப்பவே வீல்சேர் கேட்டுருங்க, நடுவழி பக்கத்து சீட்டா புடிங்க, எந்திரிச்சு நடக்கலாம். ஊறுகாய கைப்பைல வைக்க வேணாம்னு சொல்லுங்க, செக்யூரிட்டில புடுங்கிடுவாங்க.

மார்சிலிங்_மச்சான்:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ், முக்கியமா அக்காவுக்கு, நான் சனிக்கிழமை ராத்திரின்னுதான் நெனச்சுட்டு இருந்தேன்! இப்பதான் ஃபோன் போட்டு நாலே கால் மணி நேரம்தான்னு சொன்னேன். "தஞ்சாவூர்லேர்ந்து மெட்ராஸ் பஸ்ஸே அத விட ஜாஸ்தியாச்சேடா"ன்னுட்டு, அடுத்த கேள்வியே ஊறுகா எத்தன கிலோ போடலாம்னுதான்.