மொரிஸ் மைனர் 1000: அதிவேகப் பாதைக்கு 4.555 டிஃப்பை மாற்றி எதைப் போடலாம்?

(கேள்வியும் பதில்களும்; ஒவ்வொரு பதிவின் மேலேயும் எழுதியவரின் புனைபெயர்.)

வெள்ளவத்தை மைனர்

என் கார் 1959 மைனர் 1000. எஞ்சின் பிறகு மாற்றிப் போட்ட 1098 சிசி. டிஃப் (பின் அக்சிலின் நடுவிலுள்ள பல்லுப் பெட்டி) காரோடு வந்த பழையதே, 4.555; அதாவது சில்லு ஒரு சுற்றுச் சுற்ற, கியர்பொக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் 4.555 சுற்றுச் சுற்றும். மாதத்துக்கு இரண்டு தரம் கொட்டாவையில் ஏறி மாத்தறை வரைக்கும் அதிவேகப் பாதையில் போக வேண்டியிருக்கிறது. மணிக்கு 80 கி.மீ. தாண்டினால் எஞ்சின் கத்துகிறது. இல்லாத ஐந்தாவது கியரைத் தேடிக் கை தானாகவே கியர்க் கோலுக்குப் போகிறது. ஆனால் இதே கார்தான் கடுகண்ணாவை ஏறிக் கண்டிக்கும் போக வேண்டும். பிந்திய மைனரின் 4.22 போடுவதா, எம்.ஜி. மிட்ஜெட் ஸ்போர்ட்ஸ் காரின் 3.9 போடுவதா? பல்லை மட்டும் மாற்றலாமா, முழு டிஃப்பும் வேண்டுமா?

பினியன்

முதலில் உள்ளே இருப்பது உண்மையிலேயே 4.555தானா என்று பாருங்கள். இத்தனை வருடத்தில் யாராவது மாற்றியிருக்கலாம். பின் சில்லு ஒன்றை மட்டும் ஜாக்கில் தூக்குங்கள். மற்றச் சில்லு நிலத்தில் இருக்க வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விடுபட்டிருக்க வேண்டும். புரொப் ஷாஃப்டில் (கியர்பொக்ஸிலிருந்து டிஃப்புக்கு வரும் தண்டு) சோக்கால் ஒரு கோடு போட்டுவிட்டு, தூக்கிய சில்லைச் சரியாக 20 சுற்றுச் சுற்றுங்கள். ஒரு சில்லு நிற்பதால் கிரவுண் வீல் (டிஃப்பின் பெரிய பல்லுச் சக்கரம்) 10 சுற்றுத்தான் சுற்றும். ஷாஃப்ட் நாற்பத்தைந்தரை சுற்றினால் 4.555 (9/41 பல்), நாற்பத்திரண்டேகால் என்றால் 4.22 (9/38), 39 என்றால் 3.9 (10/39). இரண்டு சுற்று மட்டும் சுற்றிப் பார்த்தால் 4.22க்கும் 4.555க்கும் வித்தியாசம் பிடிபடாது.

145 ரயரோடு 80 கி.மீ. வேகத்தில் டொப் கியரில் எஞ்சின் சுற்று நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட இப்படி வரும்: 4.555இல் 3370, 4.22இல் 3130, 3.9இல் 2890. 1098 எஞ்சினின் உச்ச டோர்க் (முறுக்கு விசை) 2500இல் வருகிறது. ஆகவே 3.9 போட்டால் 80இல் எஞ்சின் தனக்குப் பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஓடும். அந்த எஞ்சினின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 83.72 மி.மீ., மெயின் பெயரிங்கோ மெல்லியது. நீண்ட நேரம் உயர்ந்த சுற்றில் ஓட்டுவது அதற்கு நல்லதல்ல. என் தெரிவு 3.9.

பல்லை மட்டும் மாற்ற நினைக்கவே வேண்டாம். கிரவுண் வீலும் பினியனும் (அதைச் சுற்றும் சின்னப் பல்லுச் சக்கரம்) சோடியாகத் தேய்த்து எடுத்தவை. பினியன் ஆழம், பேக்லாஷ் (பற்களுக்கிடையிலான இடைவெளி), பெயரிங் இறுக்கம் மூன்றையும் ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்து அமைக்க வேண்டும். கெரியரோடு (பற்களைத் தாங்கும் கூடு) முழு டிஃப்பாக வாங்கினால் உங்கள் அக்சில் கேசிங்கிலேயே உட்காரும்.

ஒயில் கை

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை.

காரின் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம். அக்சில் ஒயிலை வடியுங்கள். கறுப்பாக வந்தால் பயமில்லை. வெள்ளித் தூள் மினுங்கினால் பழைய டிஃப்பில் ஏதோ தின்னப்பட்டிருக்கிறது, கேசிங்கை உள்ளே மண்ணெண்ணெயால் கழுவாமல் புதியதைப் பூட்டக்கூடாது. இரண்டு பக்க டிரம்மும் கழற்றியதும், ஹாஃப் ஷாஃப்டின் (டிஃப்பிலிருந்து சில்லுக்குப் போகும் தண்டு) விளிம்பை, சில்லு பூட்டும் ஹப்போடு பிடித்திருக்கும் ஸ்குரூவை எடுத்துவிட்டு ஷாஃப்டை வெளியே இழுங்கள். முழுதாக வெளியே வரவேண்டியதில்லை, டிஃப்பிலிருந்து ஸ்பிளைன் (ஷாஃப்ட் நுனிப் பற்கள்) விடுபட்டால் போதும். ஹப் நட்டைத் தொடவே தேவையில்லை.

புரொப் ஷாஃப்ட் விளிம்பையும் பினியன் விளிம்பையும் சேர்த்து ஒரு கோடு போட்ட பிறகே நாலு போல்டையும் கழற்றுங்கள். பிறகு கெரியரைச் சுற்றியுள்ள நட்டுகள். கெரியர் முன்பக்கமாக வரும், பாரம் அதிகம்; கீழே ஜாக்கைக் கொடுத்து இறக்குங்கள்.

புதிய டிஃப்பின் பினியன் விளிம்புத் துளைகள் உங்கள் புரொப் ஷாஃப்டோடு பொருந்துகின்றனவா என்று டிஃப் மேசையில் இருக்கும்போதே பாருங்கள். பொருந்தாவிட்டால் விளிம்பை மாற்ற வேண்டிவரும். அந்த நட்டின் இறுக்கம்தான் பினியன் பெயரிங்கின் இறுக்கம். கழற்றுமுன் நட்டிலும் பினியன் நுனியிலும் அடையாளம் போட்டு, அதே இடத்துக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். அதிகம் இறுக்கினால் பெயரிங் சூடாகும். தளர்ந்தால் பினியன் முன்பின் ஆடிச் சத்தம் போடும்.

பூட்டும்போது எல்லோரும் பிழைவிடும் இடம் ஹப் பேப்பர். பேப்பர் கேஸ்கட்டை வைத்த பிறகும் பெயரிங்கின் வெளி விளிம்பு ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 1 முதல் 4 பங்கு வரை மேலே நிற்க வேண்டும். அப்போதுதான் ஷாஃப்ட் விளிம்பு பெயரிங்கை அழுத்திப் பிடிக்கும். ‘ஒயில் கசியாது’ என்று நம்பி இரண்டு பேப்பர் வைத்தால் பெயரிங் பிடிபடாமல் ஆடும், ஒயில் நேரே பிரேக் ஷூவுக்குப் போகும். ஒரு பேப்பர், புதியது. ஓ-ரிங் உள்ள ஹப் என்றால் அதையும் புதிதாகப் போடுங்கள்.

ஒயில் இ.பி. 90, சுமார் 0.85 லீற்றர். கார் மட்டமாக நிற்கும்போது ஃபில்லர் துளையால் வழியும் வரை ஊற்றுங்கள். அக்சில் மேலேயுள்ள பிரீதர் (காற்றுத் துளை) அடைத்திருக்கிறதா என்றும் ஒருமுறை கம்பியால் குத்திப் பாருங்கள். அது அடைத்தால் சூட்டில் காற்று அமுங்கி, எந்தப் புது சீலாலும் கசிவை நிறுத்த முடியாது.

மலைநாட்டுக் கார்

3.9 அவசரப்பட்ட முடிவு என்றே சொல்வேன். மூன்றாம் கியர் 1.412, டிஃப்போடு பெருக்கினால் இப்போது 6.43, 3.9இல் 5.51. கடுகண்ணாவையில் நாலு பேரும் பெட்டிகளும் இருந்தால் அந்த வித்தியாசம் காலில் தெரியும். முதல் கியருக்கு சின்குரோவும் (ஓடும்போதே கியர் சத்தமில்லாமல் விழ உதவும் அமைப்பு) இல்லை, கொழும்பில் காலி வீதி நெரிசலில் ஊர்ந்தால் கிளச்சைத்தான் தின்னும். 4.22 போடுங்கள். அது 1098 மைனருக்குக் கம்பனியே கொடுத்த டிஃப், உள்ளூரிலும் தேடிப் பிடிக்கலாம்.

இன்னொன்று: 59 கார் என்றால் முன் டிரம் 7 அங்குலம். 1098 வந்தபோது முன்னுக்கு 8 அங்குலம் கொடுத்தார்கள். எஞ்சினை மாற்றியவர் பிரேக்கை மாற்றினாரா? இல்லையென்றால் டிஃப்புக்கு முதல் அதைச் செய்யுங்கள்.

பினியன்

பிரேக் விடயத்தில் அண்ணை சொல்வது முழுக்கச் சரி, அதுதான் முதல் வேலை.

ஏற்றத்துக்கு மட்டும் ஒரு கணக்கு. காரோடு முதலில் வந்த 948 சிசி எஞ்சினின் டோர்க் 50 இறாத்தல்-அடி, 4.555ஆல் பெருக்கினால் 228. 1098இன் டோர்க் 60, 3.9ஆல் பெருக்கினால் 234. இரண்டுக்கும் உச்சம் 2500இலேயே. அதாவது 3.9 போட்ட பிறகும் இந்தக் கார் 1959இல் புதிதாக வந்ததைவிடக் குறைவாக இழுக்காது. இப்போதைய இழுவைக்குப் பழகிய காலுக்குக் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். எஞ்சின் ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை: நாலு சிலிண்டரிலும் கொம்பிரெஷன் (அமுக்கம்) ஒத்து வராவிட்டால் 4.22தான் சரி. 948 எஞ்சினாக இருந்தாலும் 4.22ஐத் தாண்டச் சொல்லமாட்டேன்.

வெள்ளவத்தை மைனர்

சுற்றிப் பார்த்தேன், நாற்பத்தைந்தரை. முன் டிரம் 7 அங்குலம்தான்; பிரேக்கை முதலில் மாற்றுகிறேன். ஸ்பீடோமீற்றர் என்னவாகும்?

ஒயில் கை

மைனரில் கேபிள் கியர்பொக்ஸிலிருந்து வருகிறது, டிஃப் மாறியது அதற்குத் தெரியாது. 3.9 போட்டால் முள் 50 மைல் காட்டும்போது உண்மையில் 58 மைலில் போவீர்கள். ஊருக்குள் 50 கி.மீ. எல்லை என்றால் முள் 26 மைலைத் தாண்டக்கூடாது. ஓடோமீற்றரும் அதே அளவு குறைத்தே எண்ணும், ஒயில் மாற்றும் கணக்கில் அதைச் சேருங்கள். மீற்றரை மறு அளவீடு செய்யலாம், அல்லது கேபிளின் நடுவே 1.17 மடங்கு கூட்டும் சிறு கியர்ப் பெட்டி வைக்கலாம். அதுவரை கண்ணாடியில் 26, 50 இரண்டுக்கும் நேரே சிவப்புப் புள்ளி ஒட்டிவையுங்கள்.