சிப்பாய் எட்டாம் வரிசைக்கு வந்தும் ராணியாக்கினால் வெற்றி ஏன் நழுவுகிறது?

கேள்வி:
ஒரு சதுரங்கப் புதிர் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை): வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ1, யானை டி5. வெள்ளை ஆடி வெல்ல வேண்டும் என்பது புதிர். சிப்பாய் சி7-க்குப் போக வேண்டும் என்பதும், உடனே யானை டி6-இல் செக் வைக்கும் என்பதும் தெளிவாகவே தெரிகின்றன. அதன் பின் ராஜா செல்லக்கூடிய ஐந்து கட்டங்களில் பி5 ஒன்றையே என்ஜின் (சதுரங்கம் ஆடும் கணினி நிரல்) காட்டுகிறது; முடிவில் எட்டாம் வரிசையை அடையும் சிப்பாயை ராணியாக்காமல் யானையாக்கச் சொல்கிறது. விடையை மனப்பாடம் செய்ய விருப்பமில்லை. இத்தகைய நகர்வுகளை நாமே கண்டுபிடிக்க எப்படிச் சிந்திக்க வேண்டும்?

மறுமொழி 1:
நண்பரே, வெள்ளையின் நகர்வைத் தேடுவதற்கு முன், கறுப்பு எதைக்கொண்டு தப்பிக்க முடியும் என்று தேடுங்கள். ராஜா சி5-க்குச் சென்றால் யானை டி1-க்கு இறங்கிவிடும். சிப்பாய் ராணியான மறுகணமே சி1-இல் செக் வைத்து, ராஜாவுக்குப் பின்னால் நிற்கும் ராணியைப் பிடித்துவிடும். பி7 அல்லது ஏ7 சென்றால் யானை டி7-க்கு வந்து சிப்பாயை நகரவிடாமல் கட்டிப்போடும். ஏ5 சென்றாலோ யானை சி6-க்கு வந்து சிப்பாயை வெட்டும். எஞ்சுவது பி5. இனி டி5, டி4, டி3 என்று யானை செக் வைத்துக்கொண்டே இறங்க, ராஜாவும் பி4, பி3 என்று இறங்கி, டி1 தன் கைக்கு எட்டும் நிலையில்தான் சி2-க்கு நகர வேண்டும்; அப்போது யானை டி1-க்கு இறங்க முடியாது.

மறுமொழி 2:
மேலே உள்ளவர் கூறிய வழிமுறையே சரி. ஆனால் இப்புதிரின் உயிர் அடுத்த நகர்வில் இருக்கிறது. ராஜா சி2 வந்ததும் கறுப்பு யானை டி4-க்குச் செல்கிறது. சிப்பாய் ராணியானால் யானை சி4-இல் செக் வைக்கும். ராணி அதை வெட்டியதும் ஏ1-இல் உள்ள ராஜாவுக்கு நகர இடமின்றி ஸ்டேல்மேட் ஆகிவிடும்; அதாவது செக் இல்லாமலேயே நகர வழியற்றுப்போய் ஆட்டம் சமனாகிவிடும். மூலையில் தனித்த ராஜா நிற்கும் புதிர்களில் இந்த ஆபத்தை முதலிலேயே ஐயுற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1895-இல் கிளாஸ்கோ நகரின் வார இதழ் ஒன்றில் ஜார்ஜ் பார்பியே இந்த நிலையை, கறுப்பு சமன் செய்யும் புதிராகவே வெளியிட்டார். அந்நகரில் வாழ்ந்த ஸ்பானியப் பாதிரியார் ஃபெர்னாண்டோ சாவெத்ராதான் யானையாக்கினால் வெள்ளை வெல்லும் என்று காட்டினார். இன்றும் இந்நிலை அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ராணியாக்குவது பழக்கத்தால் கை தானாகச் செய்யும் செயல் என்பதால், தேர்ந்தவர்கள் கண்ணுக்கும் இது தப்பியது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஆனால் யானைக்கு யானை என்று ஆகிவிட்ட பின் வெற்றி எங்கிருந்து வருகிறது?

மறுமொழி 2:
காய்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல், மூலையில் அகப்பட்ட ராஜாவைப் பாருங்கள், ஐயா. சி8-இல் பிறந்த யானை அடுத்து ஏ8 சென்றால் செக்மேட். அதைத் தடுக்கக் கறுப்பு யானை ஏ4-க்கு வந்தே ஆக வேண்டும். அப்போது வெள்ளை ராஜா பி3-க்கு நகர்கிறது: அது ஏ4-இல் உள்ள யானையைத் தாக்குகிறது, சி2-ஐ விட்டு விலகியதால் சி1-இல் செக்மேட்டுக்கும் வழி திறக்கிறது. இரண்டையும் ஒரே நகர்வில் தடுக்கக் கறுப்பால் இயலாது.