எரிமலையில் தொடர் அதிர்வு கூடினால் வெடிக்கப்போகிறது என்று பொருளா?

கேள்வி: மலைநோக்கி
எரிமலை ஆய்வகங்கள் இணையத்தில் தரும் நில அதிர்வு வரைபடங்களைப் பார்த்துவருகிறேன். சாதாரண நிலநடுக்கம் சட்டென்று எழுந்து தணிந்துவிடுகிறது. சில நாட்களில் மட்டும் கோடு மணிக்கணக்கில் தடித்தே கிடக்கிறது. இதைத்தான் ட்ரெமர், அதாவது தொடர் அதிர்வு என்கிறார்களா? இது கூடினால் வெடிப்புக்கு எவ்வளவு அவகாசம் இருக்கும்?

பதில்: அலைமானி
ஆம், அதுதான். ஆனால் முதலில் அது எரிமலையிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். பலத்த காற்றும் கோட்டைத் தடிக்கவைக்கும். எரிமலையின் தொடர் அதிர்வு பெரும்பாலும் 1 முதல் 5 ஹெர்ட்ஸுக்குள், அதாவது நொடிக்கு 1 முதல் 5 அலைவுகளுக்குள் இருக்கும். முகட்டருகே உள்ள கருவியில் வலுத்தும், விலக விலக மெலிந்தும் பதிவாகும்.

பதில்: கந்தகப்புகை
அவகாசத்துக்கு மலைக்கு மலை கணக்கு வேறு. ஜப்பானின் ஒன்டாகே மலையில் 2014 செப்டம்பர் 27 அன்று தொடர் அதிர்வு தொடங்கியது முற்பகல் 11.41 மணிக்கு, மலை வெடித்தது 11.52-க்கு. சனிக்கிழமை என்பதால் முகட்டில் மலையேறிகள் நிறைந்திருந்தார்கள். இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 63 பேர். அந்தப் பதினொரு நிமிடங்களை என்னால் வெறும் தரவாகப் பார்க்க முடிவதில்லை. அது நிலத்தடி நீர் ஆவியாகிச் சீறிய வெடிப்பு. இத்தகையவை நெடுநேரம் எச்சரிப்பதில்லை.

அதிர்வு அடங்குவதும் ஆபத்தாகலாம். அலாஸ்காவின் ரிடவுட் மலையில் 2009-இல் சிறு நடுக்கங்கள் மேலும் மேலும் நெருங்கி, நொடிக்கு 30 வரை போய், ஒரே ஓசைபோல இணைந்தன. பிறகு சற்று நேரம் அமைதி. அதன் பின்னரே மலை வெடித்தது.

மலைநோக்கி
அப்படியானால் இதை வைத்து என்ன பயன்?

கந்தகப்புகை
வெடிப்பு இப்போது நடக்கிறதா என்பதைச் சொல்வதில் இதற்குப் பெரும் பயன் உண்டு. மேகம் மூடினாலும் இருட்டினாலும் கருவிக்குத் தெரியும். இதே ரிடவுட்டின் சாம்பலுக்குள் 1989 டிசம்பர் 15 அன்று நுழைந்த பயணிகள் விமானத்தின் நான்கு இயந்திரங்களும் நின்றுபோயின. மீண்டும் இயங்கியதால் எல்லோரும் பிழைத்தார்கள். விமானிகளுக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

ஆனால் அதிர்வின் அளவை வைத்துச் சாம்பல் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்று கணித்துவிடாதீர்கள். அலாஸ்காவின் பாவ்லோஃப் எரிமலை 2016 மார்ச்சில் வெடித்தபோது, சீற்றம் ஏறுகையில் அதிர்வுக்கும் சாம்பல் உயரத்துக்கும் இருந்த பொருத்தம் இறங்குகையில் இல்லை. உயரத்துக்குச் செயற்கைக்கோள் படத்தையும் ரேடாரையும் பாருங்கள்.